முதல் ஒளியும் சைவர் கடனும்

இக்காலத்துத் திருவிழாப் பந்தல்களிலும் சமய வகுப்புக்களிலும் ஒரு கூற்று அடிக்கடி கேட்கப்படுகின்றது. விஞ்ஞானிகள் இன்று கண்டு கூறும் உலகத்தோற்ற முறை முழுவதும் நம் ஆகமங்களிலே முன்னரே சொல்லப்பட்டுள்ளது என்பதே அது. கேட்போர் கைதட்டி மகிழ்கின்றனர். சொல்வோரும் சமயத்துக்குப் பெருந்தொண்டு செய்துவிட்ட நிறைவோடு மேடையினின்றும் இறங்குகின்றனர். இக்கூற்று உண்மையா என்பது ஒரு வினா. ஆராயாது இதனைக் கூறுதல் சைவனுக்கு அறமாகுமா என்பது மற்றொரு வினா. பின்னையதே பெரிதென்பது எம் கருத்தாகலின், முதலணுக்களும் முதலொளியும் தோன்றிய வரலாற்றை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வாம்.

பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு. அதன் முதற் சில நிமிடங்களுள்ளேயே ஐதரசன் கருக்களும் ஈலியக் கருக்களும் அமைந்துவிட்டன. நிறையால் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு முன்னையது, ஒரு பங்கு பின்னையது. ஆயினும் கரு அமைந்தமை கொண்டு அணு அமைந்ததெனல் ஆகாது. கருவை இலத்திரன் பற்றி நின்றவழியே அணுவாம். அக்காலத்து வெப்பமிகுதியால், பற்றிய இலத்திரன் பற்றிய கணத்திலேயே ஒளித்துணிக்கையால் மோதுண்டு பிரிந்தது. தனித்துலாவிய இலத்திரன்களிற் பட்டுப் பட்டுச் சிதறியமையால் ஒளியும் நேரே செல்ல வழியின்றித் தடுமாறிற்று. ஒளி இன்மையால் அன்று, ஒளி செல்லாமையால் ஒன்றும் விளங்காத நிலை அது. தை மாசி விடியலிற் கந்தளாய்க் குளக்கட்டின்மேல் நிற்பார் இதனை எளிதில் உணர்வர். ஞாயிறு எழுந்துவிட்டது, எங்கும் வெண்மை, அக்கரையோ தோன்றவில்லை. பனித்துளிகள் ஒளியைச் சிதறடித்தலே அதற்குக் காரணம்.

ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டு கழிந்தபின் வெப்பம் 3,000 கெல்வின் அளவுக்குத் தணிந்தது. ஈலியக் கருக்கள் அதற்கு முன்னரே இலத்திரன்களைப் பெற்றுவிட்டன. இப்பொழுது ஐதரசனும் பெற்றது. ஐதரசனிலிருந்து இலத்திரனைப் பிரிக்க வேண்டும் ஆற்றலை மட்டும் நோக்கின், இச்சேர்க்கை ஓரிலட்சம் கெல்வினுக்கு மேற்பட்ட வெப்பத்திலேயே நிகழ்ந்திருத்தல் வேண்டும்போலத் தோன்றும். நிகழாமைக்குக் காரணம் யாதெனின், கருவிலுள்ள துணிக்கை ஒன்றுக்கு நூறு கோடிக்கு மேற்பட்ட ஒளித்துணிக்கைகள் இருந்தமையேயாம். சேர்ந்ததைப் பிரிப்பார் அத்துணைப் பலராயின் சேர்க்கை நிலைப்பது எங்ஙனம்? அவற்றின் வலி குன்றியபின்னரே அணு நிலைத்தது, பனி விலகிற்று, ஒளி விடுதலை பெற்றது. அது பழைய இழைமின்குமிழின் ஒளிபோலப் பொன்னிறத்ததாய் இருந்திருக்கும். ஈண்டுக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இவ்வொளி விடுபட்டபின்னரே பேரிருள் வந்தது. வெளி விரிய விரிய ஒளியின் அலைநீளமும் நீண்டு, கண்ணுக்குப் புலனாகாத வெப்பக்கதிராயிற்று. முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கும்வரை, பத்துக் கோடி ஆண்டளவாக, காணத்தக்க ஒளி யாதும் இல்லை. அப்பழைய ஒளி இன்று 1,100 மடங்கு நீண்டு, 2.7 கெல்வின் குளிர்ச்சியுடைய நுண்ணலையாய் எங்கும் நிறைந்துள்ளது. 1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் இதனை முதலிற் கேட்ட பென்சியாசும் வில்சனும், தம் கருவியினுட் கூடுகட்டிய புறாக்களின் எச்சத்தால் எழும் இரைச்சலோ என ஐயுற்று அதனைக் கழுவியும் பார்த்தனர்.

எந்த வெப்பத்தில் எத்துணைப் பங்கு அணுக்கள் இலத்திரனை இழந்து நிற்கும் என்று கணிக்கும் சமன்பாட்டை உலகுக்கு அளித்தவர் நம் பாரத கண்டத்தவரே. டாக்காவை அடுத்த சிற்றூரில் 1893இல் வறிய குடியிற் பிறந்த மேகநாத் சாகா என்னும் அறிஞர் 1920இல் இதனை வெளியிட்டார். ஞாயிற்றின் மண்டலத்தை விளக்கவே அவர் இதனை வகுத்தனராயினும், பிற்காலத்தார் முதலணுக்கள் அமைந்த வெப்பத்தைக் கணித்தற்கும் இதுவே முதற்படியாயிற்று. பீபிள்ஸ் முதலியோர் 1968இல் அதனைத் திருத்தி நுணுக்கமாக்கினர்.

இவர் தாமே எழுதிய நிகழ்ச்சியொன்று எம் வினாவுக்கு மிக அணுக்கமானது. டாக்காவில் வழக்கறிஞர் ஒருவர், நீர் யாது கண்டுபிடித்தீர் என்று சாகாவை வினவினார். சாகா இளமையூக்கத்தோடு விண்மீன்களைப் பற்றிய தம் ஆராய்ச்சியை விளக்கலும், இதிற் புதுமை என்னை, எல்லாம் வேதத்தில் உள்ளதே என்று அவர் இடையிடையே கூறிவந்தனர். வேதத்தில் எப்பகுதியில் உளது எனச் சாகா பணிவோடு கேட்க, யான் வேதம் படித்ததில்லை, ஆயினும் நீவிர் புதிதென்பன யாவும் அதில் உளவென நம்புகின்றேன் என்றாராம். பின்னர்ச் சாகா வேதம் உபநிடதம் புராணம் முதலியவற்றை ஆண்டுக்கணக்கிற் பயின்று பார்த்து, தாம் தேடியதைக் காணாமையையும் எழுதினர். அவ்வழக்கறிஞரை நகைத்தல் எளிது. நம் பந்தல்களில் அவர் பலராய்ப் பிறந்திருத்தலே வருந்தத்தக்கது.

வானத்தினின்று காற்றும், காற்றினின்று தீயும், தீயினின்று நீரும், நீரினின்று நிலமும் என்னும் முறையைக் காட்டி, இதுவே விஞ்ஞானிகள் கூறும் முறையென்பாரை நோக்கி யாம் ஒன்று வினவுதும். சித்தாந்தம் கூறும் முப்பத்தாறு தத்துவங்களிற் பூதங்கள் ஐந்தும் இறுதியில் வைக்கப்பட்டன. புத்தியும் அகங்காரமும் மனமும் கண் முதலிய இந்திரியங்களும் அவற்றிற்கு முன்னரே தோன்றுவன. விஞ்ஞானத்தோடு ஒப்பிடுவோர் இம்முற்பகுதியை மறைத்துவிட்டன்றோ பிற்பகுதியைக் காட்டுகின்றனர்? உண்மை யாதெனின், தத்துவமுறை உயிர் இன்பதுன்பங்களை நுகர்தற்கு வேண்டும் கருவிகளின் முறை. அதன் தீ கண்ணுக்கு விடயமாகும் உருவத்தைப் பற்றியது. ஐதரசன் எரிதலைப் பற்றியதன்று. இரண்டையும் ஒன்றெனக் கூறுவார் விஞ்ஞானத்தையும் அறிந்திலர்; சித்தாந்தத்தையும் இழந்தனர்.

இனி, காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளுள் ஒவ்வொன்றுக்கும் தன் எல்லை உண்டு. கருவியாற் கண்டு கணக்காற் கருதியறியப்படும் பொருளுக்கு உரையளவையைச் சான்றிழுத்தல் உரையை உயர்த்துவதன்று, தாழ்த்துவதாம். 2018ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியப் பாலையில் வைத்த எட்ஜஸ் என்னும் கருவியினர், முதல் விண்மீன்கள் எரிந்த காலத்து ஐதரசன் விட்ட சுவட்டை வானொலி அலையிற் கண்டேம் என்றனர். அச்சுவடு எதிர்பார்த்ததினும் இருமடங்குக்கு மேலும் ஆழமாய் இருந்தமையின் உலகம் வியந்தது. பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தார் அதனைச் சோதிக்கப் புகுந்தனர். நிலத்தின்கீழ் மண்ணும் பாறையும் அடுக்கடுக்காய் வேறுபட்டு அளவைக் கெடுக்குமாகலின், ஒருதன்மைத்தான நீரின்மேல் தம் சாரஸ் கருவியை மிதக்கவிட்டனர். 2020இன் தொடக்கத்தில் கருநாடகத்துத் தண்டிகானஹள்ளி ஏரியிலும் சராவதி நீர்த்தேக்கத்திலும் இது நிகழ்ந்தது. குளக்கோட்டன் அமைத்ததென்று கோணேசர் கல்வெட்டுக் கூறும் நம் குளத்தை அறிந்தார்க்கு, ஏரிநீர் விண்ணாராய்ச்சிக்குத் துணையாயினமை தனி மகிழ்ச்சி தரும். 2022இல் வெளிவந்த அவர்தம் முடிவு, எட்ஜஸ் கண்ட சுவடு விண்ணினின்று வந்ததன்று என 95.3 விழுக்காட்டு உறுதியோடு மறுத்தது. 2018இல் அச்சுவட்டுக்கு ஆகமச்சான்று காட்டிப் பேசியிருப்பாராயின், 2022இல் அவர் ஆகமத்தை என் செய்வார்?

இக்குற்றம் நம்மவர்க்கே உரியதன்று. 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், விஞ்ஞானிகள் கூறும் தொடக்கத்தை விவிலியத்து ஒளிப்படைப்போடு இயைத்துப் பேசினர். அத்தொடக்கக் கொள்கையை 1931இல் வெளியிட்ட லெமேத்தர் தாமே கத்தோலிக்க குரு. அவரோ தம் கொள்கை சமயத்துக்குச் சான்றாகாது, மறுப்புமாகாது என்னும் நிலையில் நின்று, அப்பேச்சை விரும்பிற்றிலர். யாம் மிஷன் பாடசாலையிற் பயின்ற நாளில், வேதபாட வகுப்பில் இத்தகைய இயைபுகளைக் கேட்டு மனம் ஒவ்வாதிருந்ததுண்டு. பிறர் செய்தபோது ஒவ்வாதது நாம் செய்யும்போது ஒக்குமா? ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்பிற் பணிசெய்து, அதனை முற்ற அறிந்தபின்னரே சைவத்தின்பொருட்டு வாதிட்டனர். அந்நேர்மையன்றோ நமக்கு முதுசொம்?

ஆயின் இவ்வரலாறு சைவனுக்கு ஒரு தடையும் எழுப்பாதோ எனின், எழுப்பும்; அதனை மறைத்தல் தகாது. அவன், அவள், அது எனச் சுட்டப்படும் உலகம் முத்தொழில் உடைமையின் அதற்கு ஒரு கருத்தா உண்டு என்பது சிவஞானபோத முதற் சூத்திரத்தின் வாதம். மாயை சடம், குயவனின்றி மண் தானே குடமாகாது என்கின்றோம். சாகாவின் சமன்பாட்டிலோ, வெப்பம் தணிந்த அளவில் இலத்திரன் தானே கருவைச் சேர்கின்றது. அங்கே குயவன் கை யாண்டையது என மாணாக்கன் ஒருவன் கேட்பின் யாது விடையிறுப்போம்? இரு படிகளுக்கு இடையே இறைவன் கையை நுழைத்துக் காட்டச் சித்தாந்தம் ஒருகாலும் முயன்றதில்லை என்பதே எம் விடை. ஞாயிற்றின் முன்னிலையில் ஒரு தாமரை அலர்தலும் ஒன்று வாடுதலும் ஞாயிற்றுக்கு விகாரமாகாதவாறுபோல, அவன் சந்நிதியில் மாயை தன் நியதியின்படி தொழிற்படும் என்றே அது கூறிற்று. அந்நியதி சடத்துக்கு யாங்ஙனம் உரித்தாயிற்று என்பதே வினா. அது கருதலளவையால் வாதிட்டு முடிவுசெய்தற்குரியது; நுண்ணலையை எண்ணி முடிவுசெய்தற்குரியதன்று. இவ்விடையால் நிரம்பாதாரும் உளர். அவரோடு வாதிடுதல் இனிது.

நம் சபையார் அடுத்த விழாவில் இரண்டு இரவுகளைப் பிரித்து வைப்பாராயின் நன்று. முதலிரவில் பௌதிகம் அறிந்தார் ஒருவர், பாட்டும் மேற்கோளும் கலவாது, முதலணுக்களின் வரலாற்றை நிரம்பக் கூறுக. அவ்விரவுப் பந்தலிலும் ஒவ்வொரு கன சென்ரிமீற்றரில் அம்முதலொளியின் துணிக்கைகள் ஏறத்தாழ 410 உளவென்பதையும் கூறுக. மறுநாளிரவு சித்தாந்தம் அறிந்தார், ஐதரசனை நாடாது, மாயையையும் உயிரையும் விளக்குக. வினாக்களுக்கு இருவரும் ஒருங்கிருந்து விடை கூறுக.