பழைய ஜீப்பும் புது வயரிங்கும்

வயரிங் முழுவதையும் மாற்றிய பழைய ஜீப், அதே ஜீப்தானா? திருவனந்தபுரம் போன்ற கடலோர நகரத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. உப்புக் காற்றும் ஆண்டுக்கு இரண்டு பருவமழையும் சேர்ந்து செம்புக் கம்பியைப் பச்சை பூக்க வைக்கின்றன. பாடியும் சேஸிஸும் சேரும் இடத்து எர்த் போல்ட்டில் துரு ஏறினால் ஹெட்லைட் மங்கும். பல்பை மாற்றிப் பயனில்லை. போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, இறுக்க வேண்டும். உறை வெடித்த வயர்களுக்கு டேப் சுற்றுவது வீண்வேலை; முழுவதையும் மாற்றுவதே வழி. அப்படி மாற்றிய பின் அது அதே ஜீப்தானா என்ற கேள்வி பழைய தத்துவங்களிலும் உண்டு.

பௌத்த நூலான 'மிலிந்த பன்ஹா'வில் துறவி நாகசேனர் தேரைக் காட்டி வாதிடுகிறார்: சக்கரமும் அச்சும் தேர் அல்ல, அவற்றின் சேர்க்கைக்கு வழங்கும் பெயரே தேர். நியாய-வைசேஷிகத் தத்துவவாதிகள் இதை ஏற்கவில்லை. முழுப்பொருள் உறுப்புகளில் உறைந்தாலும் அவற்றிலிருந்து வேறானது என்றார்கள். ஆனால் அவர்கள் கணக்கில் ஓர் உறுப்பு போனாலே பழைய முழுப்பொருள் அழிந்து புதியது தோன்றும். ஃப்யூஸ் மாற்றியதும் புது ஜீப் என்றால் எந்த மெக்கானிக்கும் சிரிப்பார். பொருள் நிலைக்கும், அதன் நிலைகள் மாறும் என்ற சமணர் விடையே பட்டறைக்குப் பொருந்துகிறது.

அரசின் விடை இன்னும் எளிது: பதிவுச் சான்றில் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் உண்டு, வயரிங்குக்கு எண் கிடையாது.