திரும்பி வருவதற்கான செலவு

2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை. ஒரகடம் சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் அன்று எனக்கு இரண்டாம் ஷிப்ட். மாலை ஆறு மணிக்கு டீ இடைவேளை. கேன்டீன் டிவியில் சந்திரயான்-3 இறங்குவதைப் போட்டிருந்தார்கள். ஆறு மணி நான்கு நிமிடத்துக்கு அது நிலவைத் தொட்டதும் அத்தனை பேரும் எழுந்து கைதட்டினோம். டீ என் சட்டையில் கொட்டியதைக்கூடப் பிறகுதான் பார்த்தேன். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து மேலே வந்தவர் என்று பேச்சு வந்தபோது டிரெயினிப் பையன்கள் மேஜையைத் தட்டினார்கள். நானும் டிப்ளமோதான்.

எனக்குப் பக்கத்தில் அசெம்ப்ளி லைனில் வேலை செய்யும் கான்ட்ராக்ட் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். போளூர்ப் பக்கம் ஒரு கிராமம். இருபது வயது இருக்கும். அவளும் சந்தோஷமாகத்தான் தட்டினாள். தட்டி முடித்துவிட்டு, "எதுக்கு சார் அங்க போயிருக்காங்க?" என்றாள். நிலவின் தென் துருவத்துப் பக்கம் தண்ணீர் உறைந்து கிடக்கிறதாம், அதையெல்லாம் தெரிந்துகொள்ளத்தான் என்றேன்.

"எங்க ஹாஸ்டல்ல மூணு நாளா தண்ணி வரல சார்."

கோபமாகச் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. தண்ணீர் என்ற பேச்சு வந்ததும் அவளுக்கு ஞாபகம் வந்த தண்ணீர் அது. அதற்குள் பெல் அடித்துவிட்டது. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு லைனுக்குப் போய்விட்டாள்.

நான் தரப் பரிசோதகன். முதலில் இருங்காட்டுக்கோட்டை, பிறகு ஒரகடம் என்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இதே பிழைப்பு. லாரி பிரேக் பாகங்களை அளந்து பார்ப்பேன். அளவில் இருந்தால் அனுப்புவேன், தப்பினால் சிவப்புப் பெட்டியில் போடுவேன். கையில் எடுத்ததை இரண்டில் ஒன்று தீர்மானிக்காமல் வைக்க எனக்குத் தெரியாது. அவள் கேட்டதை மட்டும் எந்தப் பெட்டியிலும் போட முடியாமல் நெடுநாள் வைத்திருந்தேன்.

வழக்கமாகச் சொல்லும் பதில்கள் எனக்கும் தெரியும். 1999ல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் பத்தாயிரம் பேருக்கு அருகில் இறந்துபோனார்கள். 2013ல் அதே கரைக்கு பைலின் புயல் வந்தது. முன்கூட்டியே தெரிந்து லட்சக்கணக்கானவர்களை அப்புறப்படுத்தியதால் சாவு சில பத்துகளோடு நின்றது. செயற்கைக்கோள் படம் இல்லாமல் அது நடந்திருக்காது. இதைச் சொல்லி அவளுக்குப் பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் செயற்கைக்கோளில் ஆள் இல்லை. நிலவில் இறங்கிய விக்ரமிலும் ஆள் இல்லை. அந்தப் பயணத்துக்கு ஆனது சுமார் 615 கோடி ரூபாய். மூன்று பேரை 400 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றி, மூன்று நாள் வைத்திருந்து, கடலில் இறக்கிக் கூட்டிவருவதுதான் ககன்யான். 2018ல் பத்தாயிரம் கோடிக்குள் என்றார்கள். 2024 செப்டம்பரில், நமக்கென்று கட்டப்போகும் விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து 20,193 கோடி என்று ஆனது. கருவியை மட்டும் அனுப்பினால் போதாதா, ஆள் எதற்கு? கேள்வி இங்கேதான் கடினமாகிறது.

1970ல் ஜாம்பியாவில் தொண்டு செய்துகொண்டிருந்த மேரி ஜுகுண்டா என்ற கன்னியாஸ்திரி, நாசா விஞ்ஞானி எர்ன்ஸ்ட் ஸ்டூலிங்கருக்கு இதே கேள்வியைக் கடிதமாக எழுதினார். பிள்ளைகள் பட்டினி கிடக்கும்போது செவ்வாய்க்குப் போகக் கோடிகளைச் செலவு செய்யலாமா என்று. ஸ்டூலிங்கர் நீண்ட பதில் எழுதினார். ஒரு ஜெர்மன் பிரபு, ஊரில் வறுமையும் நோயும் இருந்த காலத்தில், கண்ணாடி வில்லை தேய்த்துக்கொண்டிருந்த ஒருவனை ஆதரித்ததாகவும், அந்த வேலையிலிருந்துதான் நுண்ணோக்கி வந்ததாகவும், வைத்தியத்துக்கு அது எவ்வளவு உதவியது என்றும் ஒரு கதை சொன்னார். நல்ல மனிதர், மரியாதையாக எழுதிய பதில். ஆனாலும் போளூர்ப் பெண்ணிடம் அதை என்னால் சொல்ல முடியாது. உன் பேரப்பிள்ளைக்கு நுண்ணோக்கி வரும், அதுவரை குளிக்காமல் இரு என்று சொன்னதாகிவிடும்.

எங்கள் டூல் ரூமில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் உண்டு. வள்ளலார் வழி. தைப்பூசத்துக்கு வடலூர் போகாமல் இருந்ததில்லை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் பார்த்தபோது அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "மொதல்ல வயிறு, தம்பி" என்றார். "அண்டத்துல இருக்கறதெல்லாம் இந்த உடம்புக்குள்ளயே இருக்கு. வெளிய போயி என்னத்தத் தேடறது? பசிச்சவன் முகத்தப் பாரு, அங்க தெரியும் ஆண்டவன்." 1867ல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக எரியும் நெருப்பைச் சாட்சிக்கு வைத்துப் பேசுகிறவரிடம் எதிர்வாதம் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை. அவர் சொன்னதில் பாதி இன்றும் எனக்குச் சத்தியமாகப் படுகிறது.

மறுபாதிக்கு நான் ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குத்தான் போகவேண்டியிருந்தது. என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். 1017ல் இந்த ஊரில் பிறந்தவர் ராமானுஜர். உயிரோடு இருந்த காலத்திலேயே அடியார்கள் ஆசைப்பட்டு எழுந்தருளப் பண்ணிய அவருடைய திருமேனி இங்கே இருக்கிறது. தான் உகந்த திருமேனி என்பார்கள். முதல் ஷிப்ட் வாரங்களில் மாலையில் போய் அந்தக் கூப்பிய கைகளுக்கு முன்னால் சற்று நிற்பேன். நான் பெரிய படிப்பாளி இல்லை. உபன்யாசங்களில் கேட்டது, பிறகு கொஞ்சம் வாசித்தது. எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

உலகம் வெறும் தோற்றம், மெய் இல்லை என்ற வாதத்தை ராமானுஜர் ஏற்கவில்லை. உயிர்களும் சடப்பொருள்களும் அத்தனையும் உண்மை, அத்தனையும் இறைவனுக்கு உடம்பு என்றார். உடம்பு என்றால் என்ன என்பதற்கு ஸ்ரீபாஷ்யத்தில் இலக்கணமே வகுத்திருக்கிறார்: ஓர் உயிர் எதைத் தாங்கி, நடத்தி, தனக்கென்றே வைத்திருக்கிறதோ அது அந்த உயிருக்கு உடம்பு. அப்படியென்றால் நிலவின் மண்ணும் அந்த உடம்பில் சேர்த்திதான். இதை நினைக்கும்போதெல்லாம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி எனக்கு ஞாபகம் வரும். அங்குள்ள அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையோடு ஒத்துப்போகிறது. ஊர்தியை ஓட்டிப் பழக, அந்தப் பாறையைப் பொடித்துத்தான் இஸ்ரோ நிலவு மண்ணைப் போலச் செய்துகொண்டது. ஒரே உடம்பு என்பதற்கு எனக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். நிலவைப் போய்ப் பார்ப்பது வீண் வேலை என்று, உலகம் பொய் என்கிறவர் சொல்லலாம். ராமானுஜரைக் கும்பிடுகிற நான் சொல்லக் கூடாது.

திருக்கோஷ்டியூரில் அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். பதினெட்டு முறை நடந்துபோய்த் தன் ஆசாரியர் நம்பியிடம் ரகசியமாகக் கேட்டறிந்த மந்திரத்தை, கோயிலின் மேலேறி ஊருக்கே சொன்னார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. தனக்கு நரகம் வந்தாலும் சரி, மற்றவர்கள் கரையேறட்டும் என்றாராம். உயரத்தில் ஏறியவர், ஏறியதன் பலனைக் கீழே நின்றவர்களுக்குக் கொடுத்தார். யாரோ மூன்று பேர் மேலே போய்வருவதில் எனக்கென்ன என்ற கேள்விக்கு நான் பிடித்துக்கொள்ளும் கை இதுதான். அந்தப் பலன் எது என்பதை என் வேலை எனக்குக் காட்டியது.

கருவி போனால் திரும்பி வரவேண்டியதில்லை. மனிதர் போனால் திரும்பி வந்தே ஆக வேண்டும். ககன்யானின் செலவில் எனக்குப் புரிந்தவரை பெரும்பகுதி இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. மூச்சுக்குக் காற்று, குடிக்க நீர், ஆபத்து வந்தால் ராக்கெட்டிலிருந்து ஆட்களைப் பிய்த்துக்கொண்டு ஓடும் தப்பிக்கும் அமைப்பு, கடலில் மெதுவாக இறக்கப் பத்து பாராசூட். நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இந்த ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினைச் சோதித்தார்கள். மனிதரை ஏற்றத் தகுதி பெறக் குறைந்தது 6,350 விநாடி எரிந்து காட்ட வேண்டும். 39 சோதனைகளில் 8,810 விநாடி எரித்தார்கள். தேவைக்கு மேல் 2,460 விநாடி. யாரோ மூன்று பேரின் உயிருக்காக யாரோ உட்கார்ந்து எண்ணிய விநாடிகள் அவை. அளவெடுத்துப் பிழைக்கிறவனுக்கு அந்த எண்ணைப் படித்ததும் கண் கலங்கியது.

2023 அக்டோபர் 21 காலையில் நடந்ததை வீட்டில் டிவியில் பார்த்தேன். அந்தத் தப்பிக்கும் அமைப்பைப் பறக்கும் ராக்கெட்டில் வைத்துப் பார்த்த முதல் சோதனை. வானிலையால் தள்ளிப்போய், ஒருவழியாகக் கவுன்ட் டவுன் ஓடி, ஐந்து விநாடி இருக்கும்போது கணினி நிறுத்திவிட்டது. நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்போது இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் வந்து, என்ன நடந்தது என்று நேராகச் சொன்னார். பழுதைச் சரிபார்த்துப் பத்து மணிக்கு ஏவினார்கள். இத்தனைக்கும் அதற்குள் ஆளே கிடையாது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், 12 மைக்ரான் கூடுதலாக இருந்த ஒரு லாட்டுக்காக லைனை நிறுத்தினேன். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். "யார்ரா கண்டுபிடிக்கப் போறான்?" என்று எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். மலைப்பாதையில் இறங்கும் லாரி கண்டுபிடிக்கும் என்று அன்று சொல்ல வாய் வரவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தது ஒரு ரப்பர் வளையத்தால். குளிரில் அது இறுகிவிடும், ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் முந்தைய இரவே சொன்னார்கள். மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. கோடி கோடியாகக் கொட்டினாலும் சொல்வதைக் கேட்கும் காது இல்லாவிட்டால் செலவு வீண்தான்.

இந்த இடத்தில்தான் அந்தப் பெண் சொன்ன தண்ணீர் எனக்கு விளங்கியது. ஹாஸ்டலுக்குத் தண்ணீர் வராதது நிலவுக்குப் போன பணத்தால் இல்லை. 20,193 கோடியை நூற்று நாற்பது கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு 144 ரூபாய், அதுவும் பல வருடங்களில். ஒரு லாரித் தண்ணீருக்குப் பணம் இல்லாத வட்டாரமா இது? ஹூண்டாய், ரெனோ, ராயல் என்ஃபீல்டு எல்லாம் இருக்கிற பகுதி. இல்லாதது பணம் இல்லை. அந்த ஹாஸ்டலில் இருக்கும் நூறு பெண்களும் வேலைக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பி, குளித்து, தூங்கி எழ வேண்டும் என்று விநாடியை எண்ணுகிற ஆள் இல்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் வியர்வையையும் சிறுநீரையும்கூடச் சுத்திகரித்து மறுபடி குடிநீராக்குகிறார்கள். ஓர் உயிர் என்றால் இவ்வளவு கவனம் வேண்டும் என்று நமக்குத் தெரியாமல் இல்லை. தெரியும், செய்தும் காட்டுகிறோம். அதனால் செலவு தகும் என்றே முடிவு செய்திருக்கிறேன். மேலே போகும் மூன்று பேருக்கு நாம் எடுக்கிற கவனம், ஒரு மனிதருக்கு எவ்வளவு கவனம் தர நம்மால் முடியும் என்பதற்கு அளவுகோல். அந்தக் கோலைக் கீழே கொண்டுவராவிட்டால் பெரியவர் சொன்னதே சரி.

அந்தப் பெண் கான்ட்ராக்ட் முடிந்து போய்விட்டாள். என் பதில் அவளுக்குப் போய்ச் சேருமா, தெரியாது. இந்தப் பகுதியில் ஹாஸ்டல் நடத்துகிறவர்களும் கம்பெனி எச்.ஆர். அதிகாரிகளும் இதைப் படித்தால் அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம் ஆட்கள் விண்ணுக்குப் புறப்படும் நாளில் கேன்டீன் டிவியைக் கட்டாயம் போடுங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும். அன்று காலையில் ஹாஸ்டல் மாடிக்கு ஏறி, தொட்டியைத் திறந்து, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று உங்கள் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.