சாயத்தின் கணக்கு

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ரத்தம் தெரியாது. இதயத் தமனியின் அடைப்பைப் பார்க்க அயோடின் கலந்த சாயத்தை உள்ளே செலுத்தியாக வேண்டும். 1958இல் கிளீவ்லாந்தில் மருத்துவர் மேசன் சோன்ஸ் செய்துகொண்டிருந்த பரிசோதனையில் சாயம் தவறுதலாக வலது இதயத் தமனிக்குள் பாய்ந்தது. அந்த நோயாளி பிழைத்ததால்தான் நமக்கு இதயத் தமனி ஆஞ்சியோகிராம் கிடைத்தது.

வேலை முடிந்த சாயம் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகத்தின் உட்பகுதி எப்போதுமே ஆக்சிஜன் பற்றாமல் உழைக்கும் இடம். சாயம் அங்கே ரத்த ஓட்டத்தை இன்னும் குறைக்கிறது, செல்களையும் நேரடியாக வாட்டுகிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு மூன்று நாளில், சிறுநீரகத்தின் தளர்ச்சியைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறும். பலருக்குப் பத்து நாளுக்குள் இறங்கிவிடும். ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்த சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு இறங்காது.

இந்தப் பாதிப்பைத் தடுக்க அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரையைப் பல ஆண்டுகள் நம்பிக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 5,000 பேரை ஆராய்ந்து 2018இல் வெளியான முடிவு, அதற்கும் மருந்தில்லா மாத்திரைக்கும் வேறுபாடில்லை என்றது. மிஞ்சியவை சலைனும் சாயத்தில் சிக்கனமும்தான்.

சாயத்தைவிட அதன்மேல் உள்ள பயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. மாரடைப்போடு வந்த முதியவர்களில் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆஞ்சியோகிராம் குறைவாகவே செய்யப்பட்டதையும், செய்துகொண்டவர்களில் இறப்பு குறைவாக இருந்ததையும் 2004இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. திடமானவர்களையே தேர்ந்தெடுத்துச் செய்திருக்கலாமே என்று கேட்பது நியாயம். மாரடைப்பின்றி அடைப்பு மட்டும் உள்ள, சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்கு உடனே ஆஞ்சியோ செய்வதால் ஆயுள் கூடவில்லை என்றும் 2020இல் தெரிந்தது.

ஆக, தள்ளிப்போடுவதே சரியான வைத்தியமாக இருக்கும் இடமும் உண்டு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது இதயத்தின் நிலை, பயமல்ல. நம் கை செய்த கெடுதலுக்குத் தேதி உண்டு, லேப் ரிப்போர்ட் உண்டு, கேள்வி கேட்க உறவினர்களும் உண்டு. நம் கை பின்வாங்கியதால் நேர்ந்த கெடுதலோ நோயின் பெயரிலேயே பதிவாகிவிடுகிறது. கிரியேட்டினின் ஏறினால் ஆஞ்சியோ செய்தவரைக் கேட்கிறோம். ஆஞ்சியோ செய்யப்படாத நோயாளி இறந்தால், மாரடைப்பில் போனார் என்று சொல்லிவிடுகிறோம்.