மதிப்பெண்ணும் மனச்சான்றும்

அயல்நாட்டில் நிலையாக வாழ விரும்பி விண்ணப்பிக்கும் ஒருவர், தம்மைப் பற்றித் தாமே எழுதித் தர வேண்டியவராகிறார். வயது என்ன, படிப்பு என்ன, எத்தனை ஆண்டுகள் பணி செய்தார், கையில் பொருள் எவ்வளவு, குடும்பத்தார் எவரெவர் என்று அந்நாட்டு அரசு கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடையெழுதி, யாவும் உண்மை என்று உறுதியும் கூறுகிறார். அவரை நேரில் கண்டிராத அதிகாரி ஒருவர், அந்த ஏடுகளை மட்டும் கொண்டு முடிவு செய்கிறார். அங்கே ஒரு சிறு கூட்டல், ஒரு சிறு மறைத்தல் குற்றமாகுமா? குற்றமெனில், அதனால் துன்புறுபவர் யார்? பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப எண்ணும் பெற்றோர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

2019 மார்ச் மாதத்தில், வந்தவாசிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரைச் சேர்ந்த நண்பர் ஒருவரின் மகன் என்னைக் காண வந்தார். முதுநிலைப் பொறியியல் பட்டதாரி. வயது 29. மணமாகாதவர். கனடாவில் நிரந்தர வசிப்புரிமை பெற விண்ணப்பிக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். ஆங்கிலத் தேர்வில் நல்ல நிலை பெற்றிருந்தார். பட்டத்தை மதிப்பிட்டுத் தரும் சான்றும் வந்துவிட்டது. குறை ஒன்றே ஒன்று. படிப்பை முடித்தபின் சில ஆண்டுகள் அரசுப் பணித் தேர்வுகளுக்குப் படித்ததில் கழிந்துவிட்டமையால், அவருடைய பணி அனுபவம் ஓராண்டும் பத்து மாதங்களுமே இருந்தது.

அவர் வேலை செய்த சிறு நிறுவனத்தின் உரிமையாளர் அவர்மீது மிகுந்த அன்புடையவர். "மூன்று ஆண்டுகள் என்றே எழுதித் தருகிறேன். ஒரு நல்ல பிள்ளை முன்னுக்கு வருவதற்கு நான் தடையாக நிற்பேனா?" என்று சொல்லி, நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் கடிதம் எழுதிக் கையொப்பமும் இட்டுக் கொடுத்துவிட்டார். அந்தக் கடிதத்தை என் மேசைமீது வைத்துவிட்டு, "மாமா, இதை அனுப்பலாமா?" என்று கேட்டார் இளைஞர். அவருடைய தந்தையாருக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதே எண்ணம். மகளின் மேற்படிப்பும் வீட்டுக் கடனும் அந்தப் பயணத்தை எதிர்நோக்கியிருந்தன. "பதினான்கு மாதத்திற்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று அவர் கேட்டாராம்.

பதினான்கு மாதங்கள் ஏன் இவ்வளவு பெரிதாயின என்பதை உணர, அந்நாட்டின் தேர்வு முறையைச் சிறிது அறிதல் வேண்டும். கனடா 1967-ஆம் ஆண்டில் மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முற்பட்ட நெடுங்காலம் அந்நாட்டுக் குடியேற்றத்தில் பிறந்த நாடும் இனமும் பெரிதாகப் பார்க்கப்பட்டன. புதிய முறையில் கல்வி, தொழில், மொழி, வயது முதலியவற்றுக்கு மதிப்பெண் இடப்பட்டது. நூற்றுக்கு ஐம்பது பெற்றவர் எந்த நாட்டவராயினும் தகுதியுடையவரானார். 2002-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்கீழ்க் கூறுகள் ஆறாக வகுக்கப்பட்டன. 2003 முதல் 67 என்பது தேர்ச்சி எல்லையாயிற்று.

2015 ஜனவரி முதல் நாளில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்னும் முறை தொடங்கியபோது ஓர் அடிப்படையான மாற்றம் நேர்ந்தது. முன்பு எல்லையைத் தொட்டவர் தேர்ந்தவர். புதிய முறையிலோ, தகுதி பெற்றோர் அனைவரும் 1,200 மதிப்பெண்ணுக்கு மதிப்பிடப்பட்டு, ஒருவர்பின் ஒருவராக வரிசையில் நிறுத்தப்பட்டனர். அவ்வப்போது சுற்றுகள் நடத்தி, மேலிருந்து இத்தனை பேர் என்று எண்ணி அரசு அழைத்தது. எத்தனையாவது பேரோடு எண்ணிக்கை நிறைகிறதோ, அவருடைய மதிப்பெண்ணே அச்சுற்றின் எல்லை.

இளைஞர் வந்தபோதிருந்த கணக்கின்படி, ஆங்கிலத்தில் அவருடைய நிலையை எட்டியவருக்குக் கனடாவுக்கு வெளியே பெற்ற அனுபவம் மூன்றாண்டுக்குக் குறைவாயின் 25 மதிப்பெண். மூன்றாண்டு நிறைந்திருப்பின் 50. உண்மையை எழுதினால் அவருக்குக் கிடைப்பது 444. கடிதத்தில் உள்ளபடி எழுதினால் 469. 2019 மார்ச் முதல் அவ்வாண்டு முடிவு வரை நடந்த பொதுச் சுற்றுகளின் எல்லை ஏறத்தாழ 450-க்கும் 475-க்கும் இடையில் நின்றது. அந்தப் பதினான்கு மாதங்களின் விலை ஒரு வாழ்க்கை.

இளைஞர் தம் பக்கத்து நியாயங்களையும் கூறினார். அவற்றை எளிதில் தள்ளிவிட என்னால் இயலவில்லை. "இந்த அளவுகோல் மட்டும் நேர்மையானதா, மாமா? முப்பது வயது நிறைந்தால் ஐந்து மதிப்பெண் குறைகிறது. நாற்பத்தைந்தில் வயதுக்கு மதிப்பெண்ணே இல்லை. அறிவு அதற்குள் மங்கிவிடுமா?" என்றார். மேலும் 2012-இல் நடந்ததை நினைவூட்டினார். 2008 பிப்ரவரி 27-ஆம் நாளுக்கு முன் விண்ணப்பித்து, முடிவு கிடைக்காமல் காத்திருந்த திறனாளர்களின் விண்ணப்பங்களை அந்த அரசு ஒரு சட்டத்தின் வாயிலாக முடித்துவைத்தது. குடும்பத்தாரையும் சேர்த்து ஏறத்தாழ 2,80,000 பேர் அதனால் பாதிக்கப்பட்டனர். கட்டணம் திரும்ப வந்தது. காத்திருந்த ஆண்டுகள் திரும்ப வரவில்லை. "உண்மையை எழுதிவிட்டுப் பொறுமையோடு இருந்தவர்களுக்கு அவர்கள் காட்டிய மரியாதை அதுதானே? அத்தகைய கணக்குக்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும்?" என்பது அவருடைய கேள்வி.

கேள்வி நியாயமானதே. எந்த அரசின் அளவுகோலும் மனிதனை முழுதாக அளந்துவிடாது. ஆனால், பொய்யால் ஏமாற்றப்படுவது அரசு மட்டும்தானா என்பதை நாம் நின்று பார்க்க வேண்டும். வரிசை முறையில் ஒருவர் 25 படிகள் மேலே ஏறினால், அவர் தாண்டிச் சென்றவரெல்லாம் ஒரு படி கீழே இறங்குகின்றனர். எல்லையில் நின்ற ஒருவர் வெளியே தள்ளப்படுகிறார். அவர் மணிலாவில் உள்ள ஒரு செவிலியாக இருக்கலாம். லாகோஸில் உள்ள ஒரு கணக்காளராக இருக்கலாம். நம் ஆரணியில் உள்ள ஒரு பொறியாளராகவும் இருக்கலாம். அவருக்கும் கடன் உண்டு, தங்கை உண்டு, வயதும் ஏறிக்கொண்டிருக்கிறது. அவர் உண்மையை எழுதினார் என்பதே அவர் செய்த பிழையாகிவிடுகிறது. அரசின் கணக்கு நேர்மையற்றது என்று வைத்துக்கொண்டாலும், அதற்கான தண்டனையை அந்த முகமறியாதவர் ஏன் ஏற்க வேண்டும்?

இவ்விடத்தில் நம் முன்னோர் வகுத்த ஒரு நுட்பம் நினைவுக்கு வருகிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், இல்லறத்தாருக்குரிய வாய்மை விரதத்தின் குற்றங்கள் ஐந்தைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று கூடலேகக்கிரியை, அதாவது பொய்யாவணம் எழுதுதல். ஒருவர் சொல்லாததைச் சொன்னார் என்றும், செய்யாததைச் செய்தார் என்றும் பிறரை ஏமாற்றும் பொருட்டு எழுதுவது என்று சர்வார்த்த சித்தியில் பூஜ்யபாதர் அதனை விளக்குகிறார். அனுபவக் கடிதம் என்னும் ஒன்று தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அதன் பொய் வடிவத்தை அவர் கண்டுவிட்டார் எனத் தோன்றுகிறது. இங்கே குற்றம் எழுதியவருக்கும் உரியது என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த உரிமையாளர் பொருளுக்காக எழுதவில்லை, அன்பினால் எழுதினார். ஆயினும் அந்த அன்பு, வேறொருவரின் இடத்தை எடுத்துக் கொடுத்த அன்பு.

அந்த ஐந்தில் இன்னொன்று நியாசாபகாரம். அடைக்கலமாகப் பொன் கொடுத்தவர் அதன் அளவை மறந்து குறைவாகக் கேட்கும்போது, "ஆம், அவ்வளவுதான்" என்று ஒப்புக்கொண்டு குறைத்துக் கொடுப்பது. பொன்னை வைத்துக்கொள்வது களவாயிற்றே என்று நாம் எண்ணுவோம். ஆனால் நூல் அதனைப் பொய்யின் வரிசையில் வைத்தது. பிறர் அறியாமையைத் திருத்தாமல் அதன் பயனை அனுபவிப்பதும் பொய்யே என்பது இதன் கருத்து. குடியேற்ற விண்ணப்பங்களில் இவ்வகைப் பொய்க்கு இடம் மிகுதி. தொடக்கச் செலவுக்குக் காட்டும் பணம் கடன் வாங்கியதாக இருத்தலாகாது என்பது கனடாவின் விதி. உறவினரின் பணத்தைத் தம் கணக்கில் நிறுத்தி, வங்கியில் சான்று பெற்றபின் திருப்பிக் கொடுப்பவர், "நான் எதுவும் பொய் சொல்லவில்லையே, கணக்கில் பணம் இருந்தது மெய்தானே" என்று கூறுவார். முன்பு வேறொரு நாடு விசா மறுத்ததை எழுதாமல் விடுபவரும் அவ்வாறே கூறுவார். கனடாவின் சட்டமோ, நேராகவோ மறைமுகமாகவோ முக்கியச் செய்தியைத் திரித்துக் கூறினாலும் மறைத்தாலும் ஐந்தாண்டுக் காலம் நுழைவுத் தகுதியை மறுக்கிறது. பல ஆண்டுகள் சென்று உண்மை வெளிப்பட்டாலும், பெற்ற உரிமை பறிபோகலாம். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் முன்னிலையில் அது நேர்ந்தால், அந்தத் தந்தை என்ன விளக்கம் கூறுவார்?

வாய்மை என்பதைத் தன்னைத் தாழ்த்திக்கொள்வது என்று சிலர் பிழையாகக் கொள்கின்றனர். அதுவும் சரியன்று. நிறுவனம் ஒருவருக்கு 'உதவியாளர்' என்று பெயரிட்டிருக்கலாம். அவர் செய்தது பொறியாளரின் பணியாக இருக்கலாம். கனடாவின் அதிகாரிகள் பதவியின் பெயரைக் காட்டிலும் செய்த கடமைகளையே ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். ஆதலின், தாம் உண்மையில் செய்த பணிகள் அனைத்தையும் விரிவாக எழுதி வாங்குவது விண்ணப்பிப்பவரின் உரிமை. கூச்சத்தால் அதைக் குறைத்து எழுதுவதில் சிறப்பு ஒன்றுமில்லை. உள்ளதை முழுதும் சொல்லலாம். இல்லாததை ஒரு நாளும் கூட்டலாகாது. இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியதன்று, எவரும் காணக்கூடியதே.

இவற்றையெல்லாம் பேசியபின் நான் அந்த இளைஞரிடம், "தம்பி, இன்னும் பதினான்கு மாதம் பொறுத்தால் மூன்றாண்டு மெய்யாகவே நிறையுமே. வயதுக்கு ஐந்து போனாலும் அனுபவத்துக்கு 25 வருமே" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்க் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனார். மறுவாரம் உரிமையாளரிடம் சென்று அதைத் திருப்பிக் கொடுத்தார் என்று அறிந்தேன். தம் அன்பை மறுத்துவிட்டதாக அவர் சில நாள் வருந்தினாராம். பிறகு சேர்ந்த நாளைச் சரியாகக் குறித்து வேறு கடிதம் தர ஒப்புக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால், வாய்மைக்குப் பரிசு கிடைத்தது என்று எழுதி நானும் மகிழ்ந்திருப்பேன். அவ்வாறு நடக்கவில்லை. 2020 மே மாதத்தில் அவருக்கு மூன்றாண்டு நிறைந்தது. மதிப்பெண் 464 ஆயிற்று. அதற்குள் கொரோனா நோய் உலகைச் சூழ்ந்துவிட்டது. அவ்வாண்டு டிசம்பர்ச் சுற்றில் எல்லை 468. நான்கே மதிப்பெண் குறைவு. 2021 தொடக்கம் முதல் அவர் போன்ற அயல்நாட்டுத் திறனாளர்களுக்கான சுற்றுகள் நின்றுபோயின. 2022 ஜூலை 6-ஆம் நாள் அவை மீண்டும் தொடங்கியபோது எல்லை 557. வயதின் பொருட்டு அவருக்கு மேலும் 11 குறைந்து, 453 ஆகியிருந்தது. அவர் போகவில்லை. ஓசூரில் பணிபுரிகிறார். தங்கையின் படிப்புக்குக் கடன் வாங்கினார்கள். வீட்டுக் கடன் இன்னும் முழுதும் தீரவில்லை.

என் அறிவுரையால் அந்தக் குடும்பம் இழந்ததை நான் அறிவேன். சென்ற ஆண்டு அவரைக் கண்டபோது, "வருந்துகிறீர்களா, தம்பி?" என்று கேட்டேன். "வருந்தியதுண்டு, மாமா. அந்த நான்கு மதிப்பெண்ணை நினைத்துத் தூங்காத இரவுகள் உண்டு. ஆனால் எந்தத் தேதியையும் நான் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டியதில்லை" என்றார்.

வாய்மை இலாபம் தரும் என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறோம். இலாபம் வராத நாளில் அவர்கள் அதைக் கைவிட்டுவிட இதுவே காரணமாகிறது. 2019-இல் அவர் எடுத்துக்கொள்ளாத அந்த ஓர் இடம் வெறுமனே கிடக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதிய எவரோ ஒருவர் அதில் அமர்ந்திருக்கக்கூடும். அவர் பெயரை நாம் அறியோம். நம் இளைஞர் ஒருவர் விட்டுக்கொடுத்த இடம் அது என்பதை அவரும் அறியார். அறியப்படாத ஒருவருக்குத் தீங்கு செய்யாதிருந்தோம் என்பதைத் தவிர இதற்கு வேறு பயன் இல்லை. அந்தப் பயன் நமக்குப் போதுமா என்பதை, பிள்ளைகள் விண்ணப்பத் தாளை விரிக்கும் முன் ஒவ்வோர் இல்லத்திலும் அமர்ந்து ஆராய்வோமாக.