காய்ச்சல் என்று சொன்ன பிள்ளை

பாடசாலைச் சுற்றுலா நாளின் விடிகாலைக் காட்சி எவருக்கும் மகிழ்ச்சி தருவது. ஐந்து மணிக்கே வாயிலில் பேருந்து வந்து நிற்கும். தோளில் தண்ணீர்ப் போத்தலும் கையில் சாப்பாட்டுப் பார்சலுமாகப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். இரவு முழுவதும் நித்திரை கொள்ளாத கண்கள். ஆயினும் அவற்றில் களைப்பில்லை. ஆசிரியை பெயர் கூப்பிடுவார். ஒவ்வொரு பெயருக்கும் உற்சாகமாக விடை வரும். ஏதோ ஒரு பெயருக்கு மட்டும் விடை வராது. "அவனுக்குக் காய்ச்சலாம், ரீச்சர்" என்று அயல்வீட்டுப் பிள்ளை சொல்லும். பேருந்து புறப்பட்டுவிடும்.

அத்தகைய ஒரு காய்ச்சலின் கதையை அண்மையில் நாம் கேட்க நேர்ந்தது. குடாநாட்டின் கரையோரக் கிராமம் ஒன்றில் ஞாயிறு பூசை முடிந்தபின், தாய் ஒருவர் ஆலய விறாந்தையில் தயங்கியபடி நின்றார். அவர் பேசியது பாவசங்கீர்த்தனத்தில் அல்ல. ஊரையும் பெயரையும் தவிர்த்து எழுதலாம் என்று அனுமதியும் தந்தார்.

"சுவாமி, ஒரு பொய்யைப் பற்றிக் கேக்க வேணும். பிள்ளையளுக்குக் காய்ச்சல் எண்டு சொல்லச் சொன்னது நான்தான். அது பாவமோ?"

மெல்ல மெல்ல விடயம் வெளிவந்தது. ஆரம்பப் பாடசாலையில் திருகோணமலைக்குச் சுற்றுலா ஒழுங்கு செய்திருந்தார்கள். ஆளுக்கு மூவாயிரம் ரூபா. இவருக்கு அதே பாடசாலையில் இரண்டு பிள்ளைகள். கணவர் பிறருடைய படகில் கூலிக்குத் தொழிலுக்குப் போகிறவர். அது காற்றுக் காலம். இரண்டு கிழமையாகக் கடலுக்குப் போகவில்லை. ஒரு பிள்ளையை அனுப்பி மற்றப் பிள்ளையை நிறுத்த மனம் வரவில்லை.

"ஆசிரியையிடம் சொல்லியிருந்தால் அவரே கட்டியிருப்பாரே, பிள்ளை?" என்றோம்.

"கட்டியிருப்பா, சுவாமி. அதுக்குத்தான் சொல்லேல்ல. பிறகு அவன் ரீச்சற்றை காசில போன பெடியன் எண்டெல்லோ வகுப்பில இருப்பான்?"

கதை அத்துடன் முடியவில்லை. திங்கட்கிழமை வகுப்பில், சுற்றுலாவில் கண்டவற்றைப் படமாக வரையும்படி ஆசிரியை சொன்னாராம். மற்றப் பிள்ளைகள் கடலையும் கோணேசர் மலையையும் கன்னியா வெந்நீரூற்றையும் வரைந்தார்கள். இளையவன் ஒரு பேருந்தை வரைந்தான். அன்று காலை அது ஒழுங்கை முனையால் போனதை அவன் வேலிக்குப் பின்னால் நின்று கண்டிருக்கிறான். ஆசிரியை ஒன்றும் அறியாதவராய் அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டாராம்.

அந்தத் தாயின் கேள்விக்கு மறுமொழி எளிது போலத் தோன்றும். பொய் பொய்தான்; அதனை நன்மையாக்க எவராலும் இயலாது. ஆயினும் ஒரு பொய்யின் பாரம் முழுவதையும் அதனைச் சொன்ன வாயின்மேல் மட்டும் சுமத்துவது நீதியாகுமா? உண்மை சொன்னால் பிள்ளை வெட்கப்பட நேரிடும், பொய் சொன்னால் மானம் காக்கப்படும் என்ற நிலையை உண்டாக்கியவர்கள் யார்? அந்த வகுப்பின் ஆசிரியர்களும் மற்றப் பெற்றோரும் பழைய மாணவரும் ஊரவரும் அதில் பங்கில்லாதவர்களா? ஆகவே, ஒரு பிள்ளை வர இயலாதபோது வகுப்பு சுற்றுலா போகலாமா என்பது உண்மையாகவே ஓர் ஒழுக்கக் கேள்வி. இதற்கு மூன்று மறுமொழிகள் வழக்கமாகக் கூறப்படுகின்றன.

முதலாவது: "வசதி உள்ளவர்கள் போகட்டும், எவரையும் நாம் கட்டாயப்படுத்தவில்லையே" என்பது. கேட்பதற்கு இது நியாயம் போலவே இருக்கும். ஒரு குடும்பம் தன் பணத்தில் தன் பிள்ளைகளை எங்கும் அழைத்துச் செல்லலாம். அதனைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் பாடசாலை ஒரு குடும்பத்தின் பெயரால் இயங்குவதன்று. வகுப்பு முழுவதன் பெயராலும் இயங்குவது. நம் நாட்டில் 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதல், கன்னங்கராவின் முயற்சியால், கல்வி இலவசமாயிற்று. 1980இல் பாடநூல்கள் இலவசமாயின. 1993இல் சீருடைத் துணியும் இலவசமாயிற்று. ஏழைப் பிள்ளை வாயிலில் தடுக்கப்படலாகாது என்பதே இவை யாவற்றின் கருத்தும். வாயிலில் நீக்கிய கட்டணத்தை வகுப்பறைக்குள் சுற்றுலா, கண்காட்சி, விழா, அன்பளிப்பு என்ற சிறு சிறு பெயர்களில் மீண்டும் அறவிடுவோமானால், முன்பக்கக் கதவைத் திறந்து உள்கதவைப் பூட்டியவர்களாவோம்.

இரண்டாவது: "அப்படியானால் ஒருவரும் போகவேண்டாம்" என்பது. சில அதிபர்கள் தொல்லை வேண்டாமென்று இதனையே விரும்புகிறார்கள். அனுமதி பெறுவது முதல் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்ப்பது வரை ஆசிரியர்கள் படும் பாட்டை நாம் அறியாதவர்களல்லர். எனினும் சுற்றுலா வெறும் களியாட்டமன்று. 1990களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், சின்னஞ்சிறு வகுப்புகளில் மேசை வேலையைக் குறைத்து விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம் தந்தது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளை ஒரு பாடமாகவே வைத்தது. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் நிறைவேற்றி, இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயமும், ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்றே கூறுகிறது. ஒரு பிள்ளைக்குக் கிடைக்காததை எல்லாப் பிள்ளைகளிடமிருந்தும் பறிப்பது சமத்துவமன்று. அது வறுமையைப் பொதுவாக்குவது மட்டுமே.

எம் தலைமுறை அந்தப் பொது வறுமையை அறியும். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது, மின்சாரம் நின்றது, வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. 1995இல் ஊரே இடம்பெயர்ந்தது. எம்முடைய ஆரம்ப வகுப்புகளில் சுற்றுலா என்ற சொல்லே இருக்கவில்லை. எல்லோரும் இழந்திருந்தோம், ஆகையால் எவரும் தனித்து விடப்படவில்லை. இன்று நிலைமை வேறு. ஒரே வாங்கில் இருக்கும் இரு பிள்ளைகளில், ஒன்றின் வீட்டுக்குக் கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ மாதந்தோறும் பணம் வருகிறது. மற்றதன் வீட்டில் அன்றைய கூலியே அன்றைய உலை. 2022இன் பொருளாதார நெருக்கடி இந்த இடைவெளியை மேலும் அகலமாக்கிற்று. போர்க்காலத்தில் எம்மைச் சேர்த்து வைத்தது துன்பம். இன்று எம்மைச் சேர்த்து வைக்க வேண்டியது நீதியுணர்வு.

மூன்றாவது: "யாராவது ஒருவர் அந்தப் பிள்ளைக்குக் கட்டிவிடலாம்" என்பது. முதல் இரண்டிலும் இது மேலானது, இரக்கத்திலிருந்து பிறப்பது. ஆனால் அந்தத் தாய் ஏன் இதனை மறுத்தார் என்பதை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். அவர் மறுத்தது உதவியையன்று. உதவியோடு ஒட்டிக்கொண்டு வரும் பெயரை. பெரியவர்கள் பெற்ற உதவியை மறைத்து வைக்கலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு வகுப்பே உலகம், அங்கு மறைவிடம் கிடையாது. கொடுத்தவரின் பெயர் ஒலிபெருக்கியில் சொல்லப்படும்போது, பெற்றவனின் பெயரும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது.

இவ்விடத்தில் அடிப்படையான ஒரு கேள்வியைக் கேட்போம். பாடசாலைச் சுற்றுலா யாருக்காக? தந்தையிடம் வாகனம் உள்ள பிள்ளை இந்த வருடம் போகாவிட்டால் அடுத்த விடுமுறையில் திருகோணமலைக்குப் போகும், சீகிரியாவையும் காணும். கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கோ பாடசாலை அழைத்துச் சென்றால்தான் உண்டு. ஆகவே சுற்றுலா முதன்மையாக எவருக்குத் தேவையோ அவரையே வீட்டில் விட்டுவிட்டு, தேவை குறைந்தவர்களை ஏற்றிக்கொண்டு பேருந்து போகிறது. இத்தாலியில் பார்பியானா என்னும் மலைக் கிராமத்தில் லொரென்சோ மிலானி என்ற குரு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அவருடைய மாணவர் எண்மர் சேர்ந்து எழுதி 1967இல் வெளியிட்ட நூல், பொதுப் பாடசாலை எவ்வாறு குடியானவர்களின் பிள்ளைகளைச் சத்தமின்றித் தவறவிடுகிறது என்பதைக் கணக்கோடு எடுத்துக்காட்டியது. அவர்கள் பேசியது பரீட்சைகளைப் பற்றி. நாம் பேசுவது ஒரு பேருந்தைப் பற்றி. தவறு நடக்கும் விதம் ஒன்றுதான்.

போன பிள்ளைகளுக்கும் இதில் நட்டம் உண்டு. வெறுமையாய் இருந்த ஆசனத்தைக் கண்டும் பாட்டுப் பாடிச் சென்ற பிள்ளை, ஒருவன் இல்லாமலும் நம் மகிழ்ச்சி நிறைவாகும் என்ற பாடத்தை அன்று கற்றுக்கொள்கிறது. எந்த ஆசிரியரும் அதனைக் கற்பிக்க விரும்பியிருக்கமாட்டார். கூடி உண்ணும் பந்தியில் ஒருவன் பசித்திருக்க மற்றவன் நிறைய உண்பதைக் கண்டு புனித பவுல் கொரிந்தியரைக் கடிந்துகொண்டது இதனாலன்றோ?

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? எமக்குத் தோன்றும் சிலவற்றைக் கூறுகிறோம்.

நம் ஆரம்பப் பாடசாலைகளில் சிறுவர் சந்தை நடப்பதை எல்லோரும் அறிவோம். பிள்ளைகள் முருங்கைக்காய், வல்லாரை, தேசிக்காய், பனங்கிழங்கு, ஒடியல், பனங்காய்ப் பணியாரம் என்று வீட்டிலுள்ளதைக் கொண்டுவந்து கூவி விற்பார்கள். கணக்கும் பேச்சும் ஒருங்கே பயிலும் நல்ல செயற்பாடு அது. ஆனால் அங்கும், தன் பிள்ளை விற்பதைத் தாயே வாங்கும் வழக்கத்தால், வசதியுள்ள பிள்ளையின் கடையில் கூட்டமும் மற்றப் பிள்ளையின் கடையில் வாடிய கீரையும் மிஞ்சுவதுண்டு. அந்தச் சந்தையை வகுப்பு முழுவதற்கும் ஒரே கடையாக வைத்து, கிடைக்கும் பணத்தை வகுப்பின் பொதுப் பணமாக்கி, அதிலிருந்து சுற்றுலாச் செலவைச் செய்தால் என்ன? ஒரு கட்டு முருங்கையிலை கொண்டுவந்தவனும் பேருந்தில் ஏறும்போது தன் உழைப்பில் ஏறுகிறான். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது எவன் கை எவ்வளவு இழுத்தது என்று வடம் கணக்குப் பார்ப்பதில்லை.

சந்தைப் பணம் போதாது என்பதை அறிவோம். வசதியுள்ள பெற்றோரும் வெளிநாட்டிலுள்ள பழைய மாணவரும் மிகுதியை அந்தப் பொதுப் பணத்திலேயே சேர்க்கட்டும். இன்ன பிள்ளைக்கு என்று குறிப்பிட வேண்டாம். பெயர்ப் பலகையும் வேண்டாம். ஒரு பிள்ளைக்கு மூவாயிரம் கொடுப்பது தருமம். எல்லாப் பிள்ளைகளுக்குமான பணத்தில் மூவாயிரம் சேர்ப்பது பகிர்வு. தொகை ஒன்றே, பிள்ளையின் தலை நிமிர்வதும் குனிவதும் வேறு.

மேலும், ஒவ்வொரு சுற்றுலாவும் தூரத்துக்கே போகவேண்டும் என்பதில்லை. ஆறில்லாத இந்தக் குடாநாட்டில், மழைநீர் சுண்ணக்கல்லினூடு இறங்கி உப்புநீரின் மேல் நன்னீராய் மிதக்கும் விந்தையை நிலாவரைக் கிணற்றடியில் நின்று விளக்கலாம். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைக் காட்டலாம். 1619இல் போர்த்துக்கேயரிடமும் 1658இல் ஒல்லாந்தரிடமும் யாழ்ப்பாணம் வீழ்ந்த வரலாற்றைக் கோட்டை மதிலடியில் சொல்லலாம். 1981இல் எரிந்து மீண்டும் எழுந்த பொது நூலகத்துக்குள் அழைத்துச் செல்லலாம்.

விடிகாலையில் படகு வந்தடையும் கரைக்கும் போகலாம். ஒட்டி எது, ஓரா எது, திரளி எது, மீனை எப்படி விலை கூறி விற்கிறார்கள், காற்று எந்தப் பக்கம் மாறினால் தொழில் இல்லை என்பவற்றை அங்கே விளக்கப்போவது ஆசிரியை அல்ல. பேருந்தை மட்டும் வரைந்த அந்தப் பையன்தான். ஏழைப் பிள்ளைக்கும் கற்பிக்க ஏதோ உண்டு என்பதை வகுப்பு அன்று கண்டுகொள்ளும்.

இதைச் சொல்லி, தூரப் பயணம் வேண்டாமென்று தட்டிக்கழிக்க எவரும் எண்ணலாகாது. பேருந்தின் யன்னலோரத்தில் இருந்து வேறு ஊர்களைக் காணும் ஆசை எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான். ஆகவே திகதி குறிக்குமுன் ஆசிரியர்கள் தமக்குள் ஒரு கேள்வி கேட்கட்டும்: இந்தத் தொகையை இவ்வகுப்பின் மிக எளிய வீடு தாங்குமா? தாங்காதெனில் தொகையைக் குறைப்போம். அல்லது பொதுப் பணம் சேரும்வரை ஒரு தவணை பொறுத்திருப்போம். பிந்திப் போனாலும் எல்லோருமாகப் போவதே வகுப்புக்கு அழகு.

அன்பார்ந்த பெற்றோரே, அடுத்த முறை உங்கள் பிள்ளை சுற்றுலாவிலிருந்து களைத்து வரும்போது, "என்ன பார்த்தாய்?" என்று கேட்டபின், "ஆர் வரேல்லை?" என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். "ஒருத்தனுக்குக் காய்ச்சல்" என்று மறுமொழி வந்தால், அந்தக் காய்ச்சலுக்கு மருந்து நம் வீட்டில் இருக்கிறதா என்று சிந்திப்போமாக.

அந்தத் தாய்க்கு நாம் என்ன சொன்னோம் என்று வாசகர்கள் கேட்கலாம். "பிள்ளைக்குப் பொய் பழக்க வேண்டாம், ஆனால் இந்தப் பொய்யில் உங்களுடைய பங்கு மிகச் சிறியது" என்றோம். மிகுதிப் பங்கை ஏற்கவேண்டியவர்களுக்காகவே இதனை எழுதினோம். அவர்களுள் நாமும் ஒருவர்.