ஐயத்தையும் சேர்த்துச் சொல்வது

மலேசியாவின் கோத்தா திங்கியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போனால் ஜொகூர் பாரு. அங்கிருந்து கடற்பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். அந்நாட்டுக்குள் கொண்டுபோகவே கூடாத பொருள்களின் பட்டியலில் பட்டாசும் சூயிங்கமும் இருக்கின்றன. கைத்துப்பாக்கி வடிவில் செய்த சிகரெட் லைட்டரும் இருக்கிறது. அதன் விசையை அழுத்தினால் சிறு சுடர்தான் வரும். ஆனால் நான்கடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கு அது துப்பாக்கிதான். மலேசியச் சட்டமும் இதில் இளகிய மனம் காட்டுவதில்லை. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கிபோல் தோன்றும் போலியை அனுமதியின்றி வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை, 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். கொள்ளை போன்ற குற்றத்தின்போது அதே போலியைக் காட்டி மிரட்டினால், 1971ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டம் 10 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது.

சட்டம் தன் கோட்டைக் கிழித்துவிட்டது. அறம் கேட்கும் கேள்விக்கு அந்தக் கோடு விடையாகாது. விளையாட்டுப் பொருள் ஒன்றை ஆயுதமென்று ஒருவர் எண்ணி அஞ்சுகிறார். அந்த அச்சம் கைமாறிப் போய் எங்கோ ஓர் உயிரைப் பறித்துவிடுகிறது. அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு? பொருளை வைத்திருந்தவரா, பார்த்து அஞ்சியவரா, அவர் சொல்லை நம்பி விரைந்து வந்தவரா?

முதலில் அச்சத்துக்கு நியாயம் செய்ய வேண்டும். கோத்தா திங்கியிலிருந்து ஜொகூர் பாரு போகும் சாலையில் இருக்கிறது உலு திராம். 2024 மே 17ஆம் தேதி விடியுமுன் அங்குள்ள போலீஸ் நிலையத்துக்குள் முகமூடியுடன் நுழைந்த ஓர் இளைஞன், பாராங் கத்தியால் ஒரு காவலரை வெட்டி, அவர் துப்பாக்கியைப் பறித்து இன்னொருவரைச் சுட்டான். இரு காவலர்கள் மாண்டார்கள், மூன்றாமவர் காயமடைந்தார். தாக்கியவனும் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டான். அந்தச் சாலையில் இன்று இரவுப் பணி பார்க்கும் காவலர், இருட்டில் ஒருவர் கையில் ஏதோ மின்னுவதைக் கண்டு திடுக்கிட்டால், அது கோழைத்தனம் ஆகாது. பிள்ளையோடு கடைக்கு வந்த தாய் திடுக்கிட்டாலும் அப்படித்தான். கண நேரத்தில் எழும் அச்சத்துக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் அச்சம் பொருளிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. கோத்தா திங்கி சுற்றுவட்டாரம் செம்பனை நிறைந்த நிலம். குலை வெட்டும் அரிவாள் தோட்டத்துக்குள் யாரையும் பயமுறுத்துவதில்லை. அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறவர் யார், எதற்குப் போகிறார் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். முனியாண்டி சன்னிதியில் நட்டிருக்கும் அரிவாளுக்கு முன் பிள்ளைகள் கைகூப்பி நிற்கிறார்கள். உண்மையிலேயே வெட்டும் அந்த இரும்பு எவரையும் கலக்கவில்லை. சுடவே முடியாத பிளாஸ்டிக் துப்பாக்கி பேரங்காடியைக் கலங்கடிக்கிறது. வைத்திருப்பவரையும் அவர் நோக்கத்தையும் நாம் அறியாத இடத்தில்தான் அச்சம் வளர்கிறது. அறியாமையில் பிறந்த ஒன்றைக் கையாளும் பொறுப்பு, அதைத் தொட்டுப்போகும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

வைத்திருப்பவரிடமிருந்தே தொடங்கலாம். பிறர் அச்சத்தை விளையாட்டுப் பொருளாக்க யாருக்கும் உரிமை இல்லை. வீடியோ எடுத்துப் போடுவதற்காகப் போலித் துப்பாக்கியை அந்நியர் முன் நீட்டுகிறவர், அவர்களுடைய சில நொடி மரண பயத்தை அவர்கள் சம்மதமின்றி எடுத்துக்கொள்கிறார். பிறகு சிரித்தபடி பொம்மை என்று சொல்வதால், பட்ட பயம் படாததாகிவிடாது. ஆனால் பத்து வயதுப் பிள்ளையிடம் இதே கணக்கைக் கேட்க முடியாது. அந்தப் பிள்ளைக்காகக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர். அவர்களுக்கும் முன்னால், பொம்மை அசல்போலவே இருப்பதைச் சொல்லிச் சொல்லி விற்று லாபம் பார்க்கிறவர்கள். பிரிட்டனின் 2006ஆம் ஆண்டுச் சட்டம், அசலோடு குழப்பக்கூடிய போலித் துப்பாக்கிகளின் விற்பனையையே பொதுவாகத் தடுத்தது. அமெரிக்காவில் 1989 முதல் பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறம் கட்டாயம். நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் ஆரஞ்சு முனை கழன்றுபோகும். அது கழன்ற ஒரு நாளில் என்ன நடந்தது என்பதை உலகம் பார்த்திருக்கிறது.

2014 நவம்பர் 22. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரப் பூங்காவில் 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் பிளாஸ்டிக் குண்டு பாய்ச்சும் போலித் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். அதில் ஆரஞ்சு முனை இல்லை. பார்த்த ஒருவர் அவசர எண்ணை அழைத்தார். துப்பாக்கி அனேகமாகப் போலியாக இருக்கும் என்றும், வைத்திருப்பவன் அனேகமாகச் சிறுவனாக இருப்பான் என்றும் அவர் சொன்னார். ரோந்து வண்டிக்குச் செய்தி போனபோது அந்த இரண்டும் போகவில்லை. துப்பாக்கியோடு ஓர் ஆள் என்ற செய்தி போனது. வண்டி வந்து நின்ற இரண்டே நொடிகளில் சிறுவன் சுடப்பட்டான்; மறுநாள் இறந்தான். சுட்டவர்மீது குற்றம் சாட்ட 2015 டிசம்பரில் நடுவர் குழு மறுத்தது. மறு ஆண்டு குடும்பத்துக்கு 60 லட்சம் டாலர் கொடுத்து நகர நிர்வாகம் வழக்கை முடித்துக்கொண்டது.

இதற்கு 15 ஆண்டுகளுக்கு முன், 1999 செப்டம்பர் 22 அன்று, லண்டனில் 46 வயதுக்காரர் ஒருவர், பழுது பார்த்த மேசைக்கால் ஒன்றைப் பையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போனார். வழியில் நுழைந்த மதுக்கடையில் இருந்த ஒருவர் போலீஸை அழைத்து, ஐரிஷ்காரர் ஒருவர் குட்டைத் துப்பாக்கியைப் பையில் மறைத்து எடுத்துப்போகிறார் என்றார். அவர் ஐரிஷ்காரரும் அல்லர்; ஸ்காட்லாந்துக்காரர். வீட்டை நெருங்கும்போது ஆயுதப் போலீஸார் அவரைச் சுட்டுக் கொன்றனர். எவருக்கும் தண்டனை இல்லை. அழைத்தவர் கண்ணால் கண்டது நீளமான ஒரு பொருள், காதால் கேட்டது பழகாத ஒரு பேச்சு. மீதியை அவர் மனமே நிரப்பிக்கொண்டது.

தமிழருக்கு இது புதிதில்லை. கையிலிருந்த பொருளை அடையாளம் தவறிக் கண்டு ஒருவனைக் கொன்ற கதைதான் நம் முதற் காப்பியம். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் இட்ட ஆணை நிபந்தனையோடு கூடியது. தேவியின் சிலம்பு கள்வன் கையில் இருந்தால் கொல்லுங்கள் என்பதே அது. அந்த நிபந்தனையைச் சோதித்துப் பார்க்கும் வேலையை யாரும் செய்யவில்லை. கோவலனை நேரில் கண்ட கொலைஞருக்கே ஐயம் வந்தது. இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்கினார்கள். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை விரித்துப் பேசி அந்தத் தயக்கத்தைக் கரைத்தான். அவர்களில் ஒருவன் வாளை வீசினான். ஐயம் அங்கே இல்லாமல் இல்லை. அதை எடுத்துக்கொண்டு அரசனிடம் திரும்பிப் போகத்தான் ஆளில்லை.

மதுரையிலும் கிளீவ்லேண்டிலும் நடந்த தவறு ஒன்றே. அச்சம் ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் போகும்போது முழுதாகப் போகிறது. அதோடு ஒட்டியிருந்த ஐயம் வழியிலேயே விழுந்துவிடுகிறது. கடைசி ஆளுக்குக் கிடைப்பது உறுதி மட்டும். அந்தக் கடைசி ஆள் கையில்தான் துப்பாக்கி இருக்கிறது.

ஆகவே பார்த்தவரின் கடமை தெளிவானது. உடனே சொல்லட்டும், ஆனால் கண்டதைக் கண்டதாகவும் நினைத்ததை நினைத்ததாகவும் சொல்லட்டும். கையில் கறுப்பாக ஏதோ இருக்கிறது, துப்பாக்கியா என்று தெரியவில்லை, பையன்போல இருக்கிறான், யாரையும் மிரட்டவில்லை: இதைச் சொல்லப் பத்து நொடி போதும். மலேசியாவில் 999 அழைப்பை எடுப்பவர் ஒருவர், இடத்துக்கு விரைபவர் வேறொருவர். இடையில் இருப்பவர் எதைச் சுருக்கினாலும் ஐயத்தைச் சுருக்கக் கூடாது.

இதை மறுப்பவர்கள் சொல்லும் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. உலு திராமில் வந்தவன் விளக்கம் கேட்க நேரம் தரவில்லை. தயங்கும் காவலர் வீடு திரும்பாமல் போகலாம். ஐயத்தை வளர்த்தால் கைகள் தளரும் என்கிறார்கள். உண்மைதான், கத்தி வீசப்படும் நொடியில் ஆராய்ச்சிக்கு இடமில்லை. ஆனால் நாம் பேசும் நிகழ்வுகளில் பெரும்பாலானவை அந்த நொடியில் தொடங்குவதில்லை. தொலைபேசிக்கும் வருகைக்கும் இடையே சில நிமிடங்கள் இருக்கின்றன. வண்டியை எவ்வளவு தள்ளி நிறுத்துவது, எதன் பின்னால் மறைந்து குரல் கொடுப்பது என்று தீர்மானிக்க அவை போதும். கிளீவ்லேண்டில் வண்டி சிறுவனுக்கு மிக அருகில் போய் நின்றது. இரண்டு நொடியில் முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியில் பாதி அப்படி நின்றதால் உண்டானது. போலியாக இருக்கலாம் என்று தெரிந்தவர் தள்ளி நிற்பார். தள்ளி நிற்பது அவர் உயிரையும் காக்கும்.

அச்சம் எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதும் இல்லை. 2015இல் டெக்சஸ் மாநிலத்தில் 14 வயது முஸ்லிம் மாணவன் தானே செய்த கடிகாரத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோய், வெடிகுண்டு என்ற சந்தேகத்தில் கைவிலங்கிடப்பட்டான். அதே பெட்டியை வேறொரு பெயருள்ள பையன் கொண்டுவந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வி அன்று உலகெங்கும் எழுந்தது. மலேசியத் தமிழ் இளைஞர்களுக்கு அந்தக் கேள்வி அந்நியமன்று. பச்சை குத்திய கையும் கறுப்பு நிறமும் குண்டர் கும்பலை நினைவூட்டும்படி பலர் பழகிவிட்டார்கள். நம் வீடுகளிலேயே அப்படிப் பேசுகிறோம். வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் நீளமான பையோடு பேருந்துக்கு நின்றால், நாமே இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கிறோம். நம்மைப் பார்ப்பவரிடம் எதிர்பார்க்கும் நிதானத்தை நாம் பார்ப்பவருக்குக் கொடுத்தால்தான், அதைக் கேட்கும் தகுதி நமக்கு உண்டாகும்.

சந்தேகம் சரியாகவே இருந்தால் என்ன செய்வது? அதற்கும் கோத்தா திங்கி மண்ணில் ஒரு கதை உண்டு. அங்குள்ள கம்போங் மக்காமில், பல்லக்கில் போகும்போது 1699இல் கொல்லப்பட்ட சுல்தான் மஹ்முதின் கல்லறை இருக்கிறது. படைத்தலைவர் மெகாட் ஸ்ரீ ராமாவின் கர்ப்பிணி மனைவி டாங் அனும், மசக்கையில் சுல்தானின் பலாச்சுளை ஒன்றைத் தின்றாள் என்பதற்காக, அவள் வயிற்றைக் கிழித்துப் பார்க்கச் சுல்தான் ஆணையிட்டாராம். கணவர் பழிதீர்த்தார். கதைப்படி குழந்தையின் வாயில் சுளை இருந்தது, குற்றச்சாட்டு மெய்தான். ஆனாலும் 300 ஆண்டுகளாக அந்த மெய்யைச் சொல்லி யாரும் சுல்தானை நியாயப்படுத்தியதில்லை. போலித் துப்பாக்கி வைத்திருந்தவர் சட்டப்படி குற்றவாளியாகவே இருக்கலாம். அவருக்கு உரிய தண்டனை ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. தெருவில் கொடுக்கப்படும் எதுவும் அந்த அளவை மீறுமானால், சந்தேகம் சரியாக இருந்தது என்பது அதைக் காப்பாற்றாது.

இந்த நிகழ்வுகளில் வைத்திருந்தவர், விற்றவர், பார்த்தவர், செய்தியைக் கடத்தியவர், சுட்டவர் எல்லோருக்கும் பங்குண்டு. ஆனால் பங்குகள் சமமல்ல. யார் கையில் மீட்க முடியாத தீங்கு செய்யும் ஆற்றல் இருக்கிறதோ, அவரிடமே கடமையும் மிகுதி. அதனால்தான் 2023 ஜூலை முதல் மலேசியாவில் இயங்கும் போலீஸ் நடத்தை ஆணையம், பரிந்துரைப்பதோடு நின்றுவிடாத அதிகாரம் பெற வேண்டும் என்று கேட்பது காவலர்மீதான பகையாகாது. அவர்களிடம் ஒப்படைத்த ஆற்றலுக்குக் கொடுக்கும் மதிப்பு அது. நம் கையில் இருப்பது தொலைபேசி மட்டும்தான். அதற்கும் அறம் உண்டு. துப்பாக்கிக்காரன் என்று வாட்ஸ்அப் புலனத்தில் ஓர் இளைஞனின் முகத்தை அனுப்பியவர், அது பொம்மை என்று தெரிந்ததும் அதே குழுக்களுக்கு அதையும் அனுப்பியே ஆக வேண்டும். அவர் அனுப்பும்வரை அந்த இளைஞன் ஊரார் கண்ணில் குற்றவாளியாகவே நடமாடுவான். அடுத்த முறை அவன் பையிலிருந்து எதை எடுத்தாலும் அது ஆயுதமாகவே தெரியும்.