யார் முன்னால் குடிக்கிறோம்?

குடிப்பது பாவமா என்று கேட்டால், எங்கள் பக்கத்தில் இரண்டு பதில் உண்டு. ராமானுஜர் 1017-இல் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரில், ஆதிகேசவப் பெருமாள் சந்நிதியில் துளசித் தீர்த்தம். சுற்றுப்பட்ட கிராமங்களின் எல்லையில் முனீஸ்வரனுக்குச் சாராயமும் சுருட்டும். இரண்டு சாமியையும் கும்பிட்டு வளர்ந்தவள் நான்.

பக்கத்திலுள்ள ஒரகடத்தில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். வேலையாகப் போனபோது கியோட்டோவில் மச்சியா எனப்படும் பழைய மர வீடு ஒன்றைப் பார்த்தேன். அங்கேயே பீர் காய்ச்சி, அங்கேயே ஊற்றித் தரும் கடையாக அது மாறியிருந்தது. குறுகிய முகப்பு, மரச்சட்டக் கதவு, உள்ளே போகப் போக நீளும் வீடு. காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டு ரேழியில் நடப்பது போலவே இருந்தது. முன்பு அடுப்படியாக இருந்த நடையில் ஆளுயர எவர்சில்வர் கலன்கள். பின்னால் பாசி படிந்த கற்களோடு ஒரு சின்ன முற்றம். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார வேண்டும். எனக்குப் பார்லித் தேநீர் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு சின்ன கிளாஸ் பீரை வைத்துக்கொண்டு, காய்ச்சுகிற பையனிடம் அவன் குழந்தையின் காய்ச்சலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆண்டுக்கு 20 லட்சம் லிட்டர் காய்ச்சினால்தான் பீர் உரிமம் என்றிருந்த விதியை ஜப்பான் 1994-இல் 60 ஆயிரம் லிட்டராகக் குறைத்தது. இப்படிப்பட்ட சிறு கடைகள் அதற்குப் பிறகு வந்தவை.

அங்கே ஷிண்டோ கோயில்களிலும் சாமிக்குப் படைத்த அரிசி மதுவைச் சின்னத் தட்டில் ஒரு வாய் தருவார்கள். நம் உத்தரணித் தீர்த்தம் மாதிரியே அளவு. அப்படியானால் சாமி முன்னால் வைத்ததும் மது சுத்தமாகிவிடுகிறதா? எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. மதுவை விலக்கச் சொன்னவர் புத்தர். அவர் பெயரால் எழுந்த நாரா பகுதியின் ஷோர்யாகுஜி மடத்திலேயே துறவிகள் மது காய்ச்சியிருக்கிறார்கள். சாமியைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு மனிதனால் எதையும் செய்துவிட முடியும்.

வள்ளுவர் இதை அறிந்தவர். கள்ளுண்ணாமை அதிகாரத்தின் பத்துக் குறளிலும் கடவுள் பேச்சே இல்லை. பெற்ற தாயின் முகம், சான்றோர், உள்ளூர்க்காரர் சிரிப்பு, இவைதான் வருகின்றன. குடிப்பவனை மனிதர்கள் முன்னால் நிறுத்துகிறார் அவர். அந்தக் கியோட்டோ வீட்டில் அந்த மனிதர்கள் இருந்தார்கள். பாட்டியின் கண்முன்னால் யாரும் நிலைதடுமாறும்வரை குடிப்பதில்லை.

இங்கே தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். ஒரகடத்தில் ஷிப்டு முடிந்த பையன்கள், பெரும்பாலும் வெளியூர்ப் பிள்ளைகள், பிளாஸ்டிக் டம்ளரில் நின்றபடியே அவசரமாகக் குடித்துவிட்டுத் தனியறைக்குத் திரும்புகிறார்கள். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. அவர்கள் குடிப்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய பாவமாகப் படுகிறது.

ஒரகடத்துக்கு அப்படியொரு பீர் கடை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர்களிடம்தான் என் வேண்டுகோள்: அந்தப் பையன்களின் பெயரையும் ஊரையும் கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமையாவது ஒருவேளை திண்ணையில் உட்காரவைத்துச் சோறு போடுங்கள்.